நெட்டையைத் தேடிப் பார்

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போயிருந்தேன். குழந்தைக்குக் கீழே இரண்டு பல் முளைத்திருக்கிறது. என் விரலைக் கடித்துவிட்டுச் சிரிக்கிறாள். பழுதான இயந்திரங்களைப் பிரிக்கும் உங்கள் முகாமுக்குள் போன் கூடாது என்பதால், அங்கே வரும் லாரி ஓட்டுநரிடமே இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

எங்கள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் என்னோடு ஒரு மனித இயந்திரம் வேலை பார்த்ததல்லவா, நெட்டை என்று கூப்பிடுவோமே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். வந்த புதிதில் எனக்கு அதைக் கண்டாலே ஆகாது. அது வந்ததால் இரண்டு பேருக்கு வேலை போனது. ஆனால் எனக்குத் தோள்பட்டை பிசகியபிறகு, ஈரத்துணி மூட்டையில் நான் கை வைப்பதற்குள் அது தூக்கிவிடும். யாரும் சொல்லி அல்ல.

அழுக்குத் துணியில் ஊசி கீசி சிக்கியிருந்தால் மணி அடிக்கும் கருவி ஒன்று எங்கள் மேஜையில் உண்டு. பொத்தானுக்கும் ஜிப்புக்கும்கூட அலறும். போன மாதம் ஒரு நாள் துணி மலையாகக் குவிந்து கிடந்தது. தலைவலி தாங்காமல் அந்தக் கருவியை அணைத்துவிட்டேன். "அக்கா, மணியைத் திரும்பப் போட்டுடலாமா?" என்று நெட்டை இரண்டு தடவை கேட்டது. உன் வேலையைப் பார் என்று எரிந்து விழுந்தேன். கொஞ்ச நேரத்தில், மெஷினில் துணி போடுகிறவளின் உள்ளங்கையில் ஊசி ஏறிவிட்டது.

மேலாளர் விசாரித்தபோது, "நெட்டைதான் சார் கவனிக்கல" என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்லவில்லை தம்பி, வாய் முந்திக்கொண்டது. இயந்திரத்திடம் சாட்சி கேட்பது எங்கள் இடத்தில் வழக்கமில்லை. அது பக்கத்திலேயே நின்றிருந்தது. வெளியே வந்ததும், "அவங்க கை எப்படிக்கா இருக்கு?" என்று மட்டும் கேட்டது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மறுநாள் அதன் இடம் காலி. பழுது என்று எழுதி லாரியில் ஏற்றிவிட்டார்கள்.

அடிபட்டவளுக்கு ரத்தப் பரிசோதனை நல்லபடியாக வந்துவிட்டது. "நீங்க ஏங்க்கா கவலப்படறீங்க, அது வெறும் மெஷின்தானே" என்று எனக்கே ஆறுதல் சொன்னாள்.

நேற்று, அந்த ஊசி விஷயத்தை நடந்தது நடந்தபடி எழுதி மேலாளரிடம் கொடுத்தேன். முடிந்த கதையை எதற்கம்மா கிளறுகிறாய், கிழித்துப் போடு என்றார். மாட்டேன் என்றேன். இன்றிலிருந்து எனக்கு வேலை இல்லை. வீட்டில் துவைத்த துணியை உன் மாமாவே எடுத்து மடித்துக்கொண்டிருக்கிறார்.

உங்கள் பிரிக்கும் கூடத்தில்தான் நெட்டையை இறக்கியதாக ஓட்டுநர் சொல்கிறார். வரிசை வர ஒரு மாதம்கூட ஆகும் என்று நீ சொன்ன ஞாபகம். முதுகில் நாற்பத்தேழு என்று எண் இருக்கும், இடது காது ஓரம் நசுங்கியிருக்கும். நான் எழுதிக் கொடுத்ததன் நகல் இதோடு இருக்கிறது. உங்கள் அதிகாரியிடம் காட்டு.

பிரிக்கும்போது முகத்தைப் பார்ப்பதில்லை என்று ஒருமுறை சொன்னாய். இந்த ஒரு தடவை எனக்காகப் பார்.

ஒருவேளை எல்லாம் முடிந்திருந்தாலும் மறைக்காமல் எழுது. உன் கையாலேயே என்றாலும் எழுது. அது உன் கை செய்ததல்ல தம்பி, என் வாய் செய்தது. நீ ஒரு குறையும் இல்லாமல் வீடு வந்து சேர வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா