பின்காத்து ஜெயிச்சாச்சு

என்னங்க,

நம்ம பொண்ணோட விமானம் இறங்கிடுச்சு! நீங்க வெச்ச அலாரம் அடிக்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. "டூட்டி முடிச்சு வந்த அப்பாவை எழுப்பாதேம்மா"ன்னு போன்ல சொன்னா. கார் சாவியை எடுத்துக்கிட்டு நானே கிளம்பிட்டேன்.

"போகும்போது பத்து மணி நேரம்னா வரும்போதும் பத்துதான். நடுவுல தூரம் சுருங்கிடுமா?"ன்னு நேத்து என்னா பேச்சு! ரயில் ஓட்டுறவராச்சே, தண்டவாளக் கணக்கு போட்டீங்க. மேற்கேயிருந்து வர்றப்ப மேல காத்து பின்னாலிருந்து தள்ளும், சீக்கிரம் வந்துடும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். "விமானம் என்ன காகிதப் பட்டமா?"ன்னு சிரிச்சீங்க. இப்ப சிரிங்க பார்ப்போம்!

அவிச்ச முட்டை மேசையில மூடி வெச்சிருக்கேன். மாடி அறை ஜன்னலைத் திறந்து வைங்க, பூட்டியே கிடந்த அறை.

தோத்தவங்க ஒரு மாசம் பாத்திரம் கழுவணும்னு பந்தயம் கட்டினது நீங்கதான். ராத்திரிப் பாத்திரமெல்லாம் தொட்டியில உங்களுக்காகக் காத்திருக்கு.

இடமில்லை, ஓரத்துல எழுதுறேன்: எதிர்காத்துல அவ திரும்பிப் போக எத்தனை மணி நேரம் ஆகும்னு கணக்கு போட உட்காராதீங்க. திரும்பிப் போற டிக்கெட்டே எடுக்கலையாம்!