அனாயே மரியாதையாகப் பேசிய நாள்

பிப்ரவரி 6, 2024. மொப்தி, மாலி

படித்துறையில் சூரிய விளக்கு போட்டுவிட்டார்கள். ஐஸ் ஆலை மறுபடி ஓடுகிறது. வெளிநாட்டுப் படை வந்தபோது நானும் கொடி வாங்கி ஆட்டினேன். அவர்களும் போயாயிற்று. ஊருக்குள் வெளிச்சம் கூடியிருக்கிறது; ஊரைத் தாண்டினால் துப்பாக்கிக்காரர்கள் பயம்தான்.

நாளை தம்பி பகாய் லாரியில் கருவாடு ஏற்றிப்போய் மேட்டு ஊர்களிலிருந்து வெங்காயத்தோடு திரும்ப வேண்டும். அங்கே எங்களுக்கு வெங்காயம் போடும் அனாயே, வழி சரி என்று சொன்னால்தான் வண்டி கிளம்பும்.

பிப்ரவரி 7

காலையில் அனாயேயிடமிருந்து போன். "வணக்கம் அக்கா. வீட்டுல எல்லாரும் சௌக்கியமா? வழி நல்லாருக்கு. லாரிய அனுப்புங்க."

எனக்கு அது சரியாகப் படவில்லை. அவன் டோகோன், நான் போசோ. பார்த்த இடத்தில் விளையாட்டாக ஏசிக்கொள்வதுதான் இரண்டு இனத்துக்கும் முறை. "என்னடி மீன்நாத்தம், இன்னும் சாகலையா?" என்று தொடங்காமல் அவன் பேசியதே இல்லை. தன் அப்பன் இறந்த சேதியைக்கூட அப்படித்தான் சொன்னான்.

"டேய் வெங்காயத் தின்னி, வாய்ல என்னடா?" என்று சீண்டிப் பார்த்தேன்.

"ஒன்னுமில்லக்கா."

லாரி போகாது என்றேன். பகாய் சிரித்தான். "ஒருத்தன் ஒருநாள் மரியாதையா பேசினா உனக்குப் பொறுக்கலையா?"

"பொறுக்கலதான். மூட்டைய இறக்கு."

பிப்ரவரி 8

பகாய் முகம் கொடுக்கவில்லை. அனாயே போனை எடுக்கவில்லை. தப்பாக நினைத்துவிட்டேனோ?

பிப்ரவரி 11

அனாயேயும் மனைவி யாபிரேயும் நடந்தே வந்துசேர்ந்தார்கள். அன்று போன் பேசும்போது துப்பாக்கிக்காரர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்களாம். அவர்களுக்கு லாரி வேண்டும். "ஒழுங்கா பேசிக் கூப்பிடுன்னாங்க. ஒழுங்கா பேசினேன்" என்றான். லாரி வராத ஆத்திரத்தில் அவன் வெங்காயக் கொட்டகையைக் கொளுத்திவிட்டார்கள்.

பகாய் எழுந்துபோய் அவர்களுக்குக் கால் கழுவத் தண்ணீர் கொண்டுவந்தான்.

பிழைத்தது என் தம்பி. எரிந்தது அவன் கொட்டகை. இதை எழுதாமல் விட முடியாது.

மார்ச் 3

வழி பத்திரமாக இருக்கிறது என்று வானொலியில் சொன்னார்கள். யாரும் போகவில்லை.

அக்டோபர் 20

ஆற்றங்கரை மேட்டில் என் துண்டு நிலத்தை அனாயேக்குக் கொடுத்தேன். "இது மண்ணா, உன் மீனோட சேறா?" என்கிறான். ஆனாலும் பாத்தி கட்டுகிறான்.

ஜனவரி 19, 2025

முதல் அறுவடை. காய் சிறிசு, காரம் குறைவில்லை.

வந்த நாளிலிருந்து யாபிரே தன் துணி மூட்டையைக் கட்டியபடியே கதவோரம் வைத்திருந்தாள், எந்த நேரமும் ஊர் திரும்பப் போகிறவள்போல. இன்று அவர்கள் இருக்கும் வீட்டுக்குப் போனபோது மூட்டை அங்கே இல்லை. அதிலிருந்த போர்வைகளை மொட்டைமாடியில் விரித்து வெங்காயம் உலர்த்தியிருந்தாள்.