உப்புத் தார்ப்பாயும் சிவப்புச் சக்களத்தியும்

என்னங்க, என் பிடிவாதக்கார மனுஷரே,

உங்கள் வண்டி இன்று பாஸாகிவிட்டது! கைகால்கூடக் கழுவாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். பதினைந்து வருஷம் முடிந்த கார், ஆர்டிஓ ஆபீஸில் காட்டிப் பதிவைப் புதுப்பிக்காவிட்டால் பழைய இரும்புக்குத்தான் போகும் என்று நம் மகன் குமார் எவ்வளவு பயமுறுத்தினான் தெரியுமா?

பாண்டிச்சேரியில் யாரோ ஓட்டிச் சலித்த அந்த இரண்டு சீட்டு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை நீங்கள் கொண்டுவந்த அன்று நான் என்ன பேச்சுப் பேசினேன்! புதிதில் பங்களா விலை விற்றது, இவ்வளவு மலிவாக வருகிறதென்றால் ஏன் என்று யோசிக்க வேண்டாமா? "இந்தச் சக்களத்தி வூட்ல இருக்கிற வரைக்கும் நான் அதுல ஏற மாட்டேன்" என்று சபதமே போட்டேன். நான் பயந்தபடியே ஆனது. அதன் ஒரு டயர் விலைக்கு நம் உப்பளத்துக்கு ஒரு மோட்டார் வாங்கியிருக்கலாம். ஸ்பீடு பிரேக்கர் ஒவ்வொன்றிலும் அதன் வயிறு தட்டியது.

அதைவிடக் கூத்து, மழைக்கு உப்புக் குவியலை மூடுகிற தார்ப்பாயையே எடுத்து அதற்குப் போர்த்தினீர்களே, கைக்குழந்தைக்குப் போர்த்துவது மாதிரி! இரண்டே மழைக்காலம், கதவின் அடியெல்லாம் துருவேறி உதிர்ந்தது. உப்பு இரும்பைத் தின்னும் என்று உப்பளக்காரருக்கே தெரியாமல் போனதா? இப்போது நினைத்தாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு விற்றுவிடலாம் என்றுதான் கீழ்புத்துப்பட்டு மெக்கானிக் பாஷாவை வரச் சொன்னேன். அவர் இடது கதவைத் திறந்தார். சீட்டின் மேல் உங்கள் துண்டு விரித்தபடி கிடந்தது.

"அண்ணி, இந்த சீட்ல அண்ணன் என்னையே ஒக்கார வுட மாட்டாரு. வண்டிய ஓட்டிப் பாக்கும்போது நான் பின்னாடி பைக்ல வருவேன். கேட்டா, 'இது எம் பொண்டாட்டி சீட்டுடா, கோவம் தீர்ந்து வந்து ஒக்காருவா'ம்பாரு."

இதை என்னிடம் சொல்லியிருந்தால் குறைந்தா போயிருப்பீர்கள்? ஒரு மூச்சு அழுதேன். பிறகு அந்தத் துண்டின் மேல் உட்கார்ந்து பார்த்தேன். வசதியாகத்தான் இருந்தது, போங்கள்!

"விக்கல தம்பி, ரெடி பண்ணுங்க."

"செலவு இழுக்கும் அண்ணி."

"இழுக்கட்டும்."

என் வளையல் இரண்டு அதில் போயின. அவர் துருவை வெட்டித் தகரம் ஒட்டினார். நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன்.

இன்று நானே ஓட்டிப் போனேன். பாஷா பழக்கப்படி பின்னால் பைக்கில் வந்தார். ஆபீஸர் குனிந்து அடிப்பாகத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தார். கடைசியில் நிமிர்ந்து, "யாரும்மா ஓட்டுறது?" என்றார். "நான்தாங்க." அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

ஒரே ஒரு கோளாறு பாக்கி. இடது சீட்டில் யாரும் இல்லாதபோதும், ஆள் உட்கார்ந்திருக்கிறது, பெல்ட் போடு என்று வண்டி கீ கீ என்று கத்துகிறது.

"சீட்டுக்கு அடியில சென்சார் போயிடுச்சு அண்ணி. மாத்திடலாமா?"

"வேணாம் தம்பி, இருக்கட்டும்."

திரும்பும்போது உப்பளத்தருகே ஓரம் கட்டி, உங்கள் துண்டின் மேல் பெல்ட்டை இழுத்து மாட்டினேன். சத்தம் நின்றுவிட்டது.

வேறு எது கெட்டாலும் சரிசெய்வேன். அந்தக் கோளாறை மட்டும் என் உயிர் உள்ளவரை தொட மாட்டேன், சத்தியம். ஞாயிற்றுக்கிழமை பாண்டி போகிறோம். பெல்ட்டை நானே மாட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
கோபம் தீர்ந்த உங்கள் பெண்டாட்டி,
மல்லிகா