ஜெரோமுக்கு நேர்ந்த கிடா

இயேசு மரி சூசை துணை

இராயப்பன்பட்டி
ஜூன் 18

அன்பு மகள் அனிதா மேரிக்கு அப்பா பங்கிராஸ் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், மஸ்கட் வெயிலில் நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முல்லையாற்றில் தண்ணீர் விட்டுவிட்டார்கள், விதை பாவியாயிற்று. போனில் எனக்குக் கோர்வையாகச் சொல்ல வராது, பேச ஆரம்பித்தால் அம்மாவும் பக்கத்தில் வந்து நிற்பாள், இது அவளைப் பற்றிய விஷயம், அதனால்தான் லீவு முடிந்து மஸ்கட் திரும்பும் பொன்னுராஜ் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன்.

பேரன் ஜெரோம் மாதம் நிறையாமல் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது அம்மா அந்தோணியாருக்குக் கிடா நேர்ந்து, திருவிழா அசன விருந்துக்குக் கொடுப்பதாகச் சொன்னது உனக்குத் தெரியும். திருவிழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது அந்தக் கிடாவுக்குக் கழிச்சல் கண்டது, சளியும் ரத்தமுமாகப் போனது. கால்நடை டாக்டர் விஜய்ராஜ் வந்து பார்த்து, கழிச்சலை ஒரு டப்பாவில் எடுத்துப்போய்ச் சோதித்து, குடலில் கிருமி என்றார். கிடாவை எடை போட்டு, காலையும் மாலையும் ஐந்து நாள் கொடுக்க மாத்திரை எழுதி, எந்தத் தேதிக்குப் பிறகு அறுக்கலாம் என்பதையும் சீட்டிலேயே குறித்துக் கொடுத்தார். அது திருவிழா முடிந்து எட்டாம் நாள். அதுவரை மருந்து கறியில் நிற்குமாம். "ஊரே அசனத்துல உக்காந்து திங்கிற கறி. அந்தத் தேதிக்கு முன்ன கத்தி வச்சிராதீக" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாளே புழுக்கை கட்டிவிட்டது, அதோடு அம்மா மாத்திரையை நிறுத்திவிட்டாள். மாத்திரை குறைந்தால் தேதியும் முன்னால் வரும் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். மிச்சத்தை வீணாக்க மனமில்லாமல், லேசாகக் கழிந்துகொண்டிருந்த இரண்டு குட்டிகளுக்கும் உடைத்துக் கொடுத்தாள். அவள் உடைத்ததை நான் பார்த்தேன், பார்த்தும் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். கிடா திருவிழாவுக்கே போய்ச் சேர வேண்டும் என்று எனக்கும் இருந்தது, மறைப்பானேன்.

ஆறாம் நாள் கிடாவுக்குக் கழிச்சல் திரும்பியது, முன்னைவிட மோசம். டாக்டர் வந்து, "ஏன் நிறுத்துனீக? அரைகுறையா விட்டா தப்பிச்ச கிருமி மருந்துக்குப் பழகிரும். பெறகு ஆட்டுக்கும் கேக்காது, ஆட்டத் தொடுற நமக்கும் கேக்காது" என்றார். நான்தான் நடந்ததைச் சொன்னேன். வேறு மருந்து எழுதினார், ஒரு வேளை விடாமல் முடித்தோம், கிடா பிழைத்துக்கொண்டது, அறுக்கும் தேதி இன்னும் தள்ளிப்போனது. குட்டிகளுக்கு இருந்தது குடற்புழு, அந்த மாத்திரைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லையாம். மருந்துதான் கொடுத்தாயிற்றே என்று நாங்கள் சும்மா இருந்துவிட்டோம். டாக்டர் புழுவுக்கு மருந்து கொடுத்து ஒன்று தேறியது, சின்னது திருவிழாவுக்கு முதல் நாள் காலையில் செத்துக் கிடந்தது.

பங்குச் சாமியாரிடம் போய்ச் சொன்னேன். கிடாவை அடுத்த வருடம் கொண்டுவாருங்கள், அந்தோணியார் காத்திருப்பார் என்று சிரித்தார். எனக்கு அது போதும், அம்மாவுக்குப் போதவில்லை. திருவிழா அன்றைக்கு அவள் பந்தியில் உட்காரவே இல்லை. ஏன் என்றதற்கு, "பிள்ளைக்கு நேந்தத நான் குடுக்கலைல. அதான் குட்டிய எடுத்துக்கிட்டாரு. இன்னும் என்னத்த எடுப்பாரோ" என்றாள். ஐந்து நாளாக உன் போனை எடுக்காமல் சார்ஜ் இல்லை என்று சொல்வது அதனால்தான். எடுத்தால் அங்கிருந்து கெட்ட சேதி வருமோ என்று பயந்துகொண்டிருக்கிறாள்.

பொன்னுராஜிடம் நார்த்தங்காய் ஊறுகாய் இருக்கிறது, மறக்காமல் வாங்கிக்கொள். நீயும் காய்ச்சல் விட்ட அன்றே மாத்திரையைத் தூக்கிப் போடுகிறவள், பள்ளிக்கூட நாளிலிருந்தே பார்த்திருக்கிறேன், அந்தப் பழக்கத்தை விடு. இதைப் படித்ததும் என் போனுக்குக் கூப்பிடு, நான் அவள் கையில் கொடுத்துவிடுகிறேன். சமாதானம் எதுவும் சொல்லாதே, பேரனை மட்டும் முன்னால் உட்கார வை, அவன் கத்தட்டும், எச்சில் வடிக்கட்டும், அவள் பார்க்கட்டும். ஆண்டவரும் அந்தோணியாரும் உங்கள் மூவருக்கும் துணையிருக்கட்டும். எனக்கு இந்தப் பயமெல்லாம் கிடையாது என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன். பிள்ளை நன்றாக இருக்கிறானா, மகளே?

இப்படிக்கு,
அப்பா பங்கிராஸ்