இடப்பக்கம் காலியாக இருக்கட்டும்

மார்ச் 3, செவ்வாய்

வலைப்பூவின் வரி இடைவெளியை மறுபடி கூட்டினேன். மேல்வரி ‘ழு’வின் வால் கீழ்வரி ‘கீ’யின் தலையில் இடித்துக்கொண்டிருந்தது. இப்போது இல்லை.

எழுத்து முழுவதும் வலது ஓரத்தில், ஒடுங்கிய ஒரே பத்தியாக. இடப்பக்கம் மூன்றில் இரண்டு பங்கு காலி. அந்த வெறுமையில் அங்கங்கே செங்கல் நிறத்தில் ஓரக்குறிப்பு, ஒற்றை வரி. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது.

அம்மா எட்டிப் பார்த்தாள். “இவ்வளவு இடத்த எதுக்குடி சும்மா விட்டிருக்கே? யாராவது குடிவராங்களா?”

மார்ச் 5, வியாழன்

கல்லூரித் தோழி ஒரு லிங்க் அனுப்பியிருந்தாள். “உன்னோடது மாதிரியே இருக்கே, யாருடி இது?”

அத்தானுடையது. அக்காவின் கணவர், விளம்பர நிறுவனத்தில் வடிவமைப்பாளர். அதே வலது பத்தி, அதே வெறுமை, அதே செங்கல் நிறம். அடியில், சின்னதாக, வடிவமைப்பு என்று போட்டு அவர் பெயர்.

மார்ச் 6, வெள்ளி

அக்காவுக்குப் போன் செய்தேன்.

“நம்ம வீட்டுக்குள்ளதானே இருக்கு. வெளியாளா எடுத்துட்டான்?”

அப்படியென்றால் அது திருட்டு இல்லையா? இடமாற்றமா?

மார்ச் 8, ஞாயிறு

அக்கா வீட்டில் சாப்பாடு. எல்லோர் முன்னாலும் கேட்டேன். அத்தான் தட்டிலிருந்து நிமிரவே இல்லை.

“பக்கத்துல பாதிய காலியா விடறதுக்கெல்லாம் யாரும் பட்டா வாங்க முடியாது மச்சினி.”

அப்பா சிரித்தார். அம்மாவும். எனக்கும் ஒரு கணம் சிரிப்பு வந்தது — அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

மார்ச் 9, திங்கள்

கடவுளே.

அத்தானின் பக்கத்தைத் திறந்து உள்ளே இருக்கும் நிரலைப் படித்தேன். என்ன எழுதியிருக்கிறது என்பது அவரிடம் இருக்கிறது. அது எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் கோப்பு மட்டும் என் தளத்தில்! அப்படியே அள்ளிக்கொண்டு போனவர் அந்தக் கோப்பின் முகவரியை மாற்றவில்லை. ஒவ்வொரு முறையும் அவர் பக்கம் என் வாசலில் வந்து நின்று, “நான் எப்படி இருக்கணும்?” என்று கேட்டுவிட்டுத்தான் திறக்கிறது.

என் வலைப்பூவைப் புதிய கோப்புக்கு மாற்றிவிட்டேன். பழையது இனி அவருக்கு மட்டும்; அதில் நான் எதை மாற்றினாலும் அவர் பக்கத்தில்தான் தெரியும்.

மார்ச் 11, புதன்

செங்கல் நிறத்தை ஒரு சாயல் மங்கலாக்கினேன். அவருக்குத் தெரியவில்லை.

மார்ச் 14, சனி

வரி இடைவெளியைக் குறைத்தேன். வால்கள் தலைகளில் இடிக்கின்றன. பத்தியை ஆறு பிக்சல் இடப்பக்கம் நகர்த்தினேன். தெரியவில்லை. பார்க்கத் தெரியாதவருக்கு எதற்கு இது?

மார்ச் 17, செவ்வாய்

அம்மா சொல்லித் தெரிந்தது. இருபத்தாறாம் தேதி பதினொரு மணிக்கு அத்தான் இதைத் தன் நிறுவனத்துப் பெரியவர்களுக்குத் திரையில் காட்டப்போகிறார். வடிவமைப்புத் தலைமைப் பதவிக்கு.

நல்லது. எல்லாவற்றையும் பழையபடி அழகாக்கி வைத்தேன். பதினொரு மணிக்கு, இடப்பக்க வெறுமையில், பெரிய எழுத்தில் ஒரு வரி வரும்.

‘திருடன்’ — மலிவு. அழித்தேன். இதுவரை பதினான்கு வரி எழுதி அழித்திருக்கிறேன். இவ்வளவு சந்தோஷமாக நான் வேலை பார்த்து ரொம்ப நாளாகிறது.

மார்ச் 21, சனி

அந்த வரி எங்கே உட்கார வேண்டும் என்று அளந்துகொண்டிருந்தபோது அவர் பதிவுகளை முதல்முறையாகப் படித்தேன். நன்றாக இருந்தன. எரிச்சலாக இருந்தது. பிறகு ஓர் ஓரக்குறிப்பு.

“கோபம் வந்தால் அவள் செருப்பை நேராக அடுக்கி வைப்பாள்.”

அது நான். அத்தானுக்கு என் செருப்பு எதுவென்றே தெரியாது.

மார்ச் 23, திங்கள்

அக்கா வேலை பார்க்கும் கண் மருத்துவமனை. மதிய இடைவேளை, பின்பக்கப் படிக்கட்டு.

“அத்தான் பேர்ல நீதானே எழுதறே?”

“ஆமா. கேஸ் போடப்போறியா?”

“எதுக்குக்கா?”

“அவர் எழுத உக்காந்தா மூணு நாளைக்கு வீடு நரகம்டி. நான் எழுதினா அரை மணி நேரம்.” டிபன் டப்பாவை மூடினாள். “உன் டிசைனையும் நான்தான் எடுத்துக் குடுத்தேன். அந்தக் காலி இடத்தப் பாத்ததும்தான் எனக்கு எழுதவே வந்துச்சு.”

“என்கிட்ட கேட்டிருக்கலாமே.”

“கேட்டா, யாருக்குன்னு கேப்பே.”

என் கோப்பு அந்தப் பக்கத்தை என்னென்ன செய்ய முடியும், வியாழக்கிழமை என்ன செய்யப்போகிறேன் என்று சொன்னேன். அக்கா டப்பாவைப் பைக்குள் வைத்தாள். எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு, “என் பேரப் போடாத” என்றாள். செய்யாதே என்று சொல்லவில்லை. சொன்னாளா? இல்லை. சொல்லவில்லை.

மார்ச் 26, வியாழன்

11:04. மாற்றிவிட்டேன்.

“வடிவம்: இவருடைய மைத்துனி. எழுத்து: இவருடைய மனைவி.”

பெயர் போடவில்லை.

மார்ச் 27, வெள்ளி

அத்தான் சமாளிக்கப் பார்த்தாராம். வீட்டுப் பெண்கள் செய்த விளையாட்டு என்றாராம். நிறுவனத் தலைவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாராம்: “சரி. அப்ப நீங்க என்ன பண்ணீங்க?”

அறையே சிரித்திருக்கிறது. பதவி வேறொருவருக்கு.

இந்த வாக்கியத்தை இன்று எத்தனை முறை சொல்லிப் பார்த்தேன்! அப்ப நீங்க என்ன பண்ணீங்க.

மார்ச் 29, ஞாயிறு

அக்காவிடமிருந்து போன். அலுத்த குரல்.

“நீ ஒரு வரி போட்டுட்டு லேப்டாப்ப மூடிட்டே. நான் இந்த வீட்டுலதான்டி இருக்கணும்.”

“உனக்காகவும்தான்க்கா —”

“எனக்காகன்னு சொன்னே, செருப்பால அடிப்பேன்.”

வைத்துவிட்டாள்.

அவளுக்காக இல்லை. அந்த வரி அழகாக இருந்தது. அதற்காகத்தான் அவளையும் அதில் சேர்த்தேன். மைத்துனி மட்டும் என்றால் வரி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்.

ஏப்ரல் 2, வியாழன்

அத்தானின் வலைப்பூ இப்போது எல்லோரும் வைத்திருக்கும் இலவச வடிவத்தில். புதுப் பதிவு ஒன்று. அவரே எழுதியது. படித்தேன். பாவமாக இருந்தது, கொஞ்சம்தான்.

ஏப்ரல் 9, வியாழன்

அக்கா போனை எடுப்பதில்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

பழைய கோப்பை அழித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். யாருக்கும் வேண்டாத கோப்பு. ஆனால் வருகைப் பதிவில், இன்று காலையிலிருந்து ஏதோ ஒரு முகவரி அதை நாற்பது முறை கேட்டிருக்கிறது. தெரியாத முகவரி.

திறந்தேன். வலது ஓரத்தில் ஒடுங்கிய பத்தி. இடப்பக்கம் காலி. அடியில் எழுதியவர் என்று அக்காவின் பெயர், அப்பா வைத்த முழுப் பெயர். பக்கத்திலேயே வடிவமைத்தவர் என்று என் பெயர்.

முதல் பதிவு என்னைப் பற்றி. ஒரு சொல்லில்கூடக் கருணை இல்லை. எல்லாமே உண்மை.

என் கோப்பு அவள் பக்கத்தை என்ன செய்ய முடியும் என்று அவளுக்குத் தெரியாதா? படிக்கட்டில் விரல்விட்டு எண்ணி விளக்கியதே நான்தான். தெரிந்தேதான் தன் பக்கத்தை என் வாசலில் கொண்டுவந்து கட்டியிருக்கிறாள்.

கோப்பு மதியம் முழுக்கத் திறந்தே இருந்தது. ஓர் ஓரக்குறிப்பு மட்டும் மேல்வரியோடு சேராமல் சற்றுக் கீழே இறங்கியிருந்தது. அதைச் சரிசெய்தேன். மூடினேன்.