இரண்டு நிமிடத்துக்கு ஒரு வரி

ஜூலை 3, திங்கள்

தத்துவத்தில் எம்.ஏ. முடித்த ஒருத்தி இன்று காலை முழுவதும் காகிதத்தில் வாத்து வெட்டினாள். நான்தான். முப்பத்தாறு வாத்து. இரண்டு வருடம் எந்தக் கல்லூரியும் விரிவுரையாளராகச் சேர்த்துக்கொள்ளாத என்னை, நர்சரி ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி வாரி அணைத்துக்கொண்டிருக்கிறது.

வீட்டில் அத்தை: "குழந்தையைப் பாத்துக்க ஒரு படிப்பா? நாங்கல்லாம் சர்டிபிகேட் வாங்கிட்டா பெத்தோம்?"

பதில் இருக்கும். இரண்டாம் செமஸ்டரில் சொல்லித்தருவார்கள்.

ஜூலை 11, செவ்வாய்

பயிற்சிக்காக ஒரு நர்சரிக்கு அனுப்பிவிட்டார்கள். ஆளுக்கு ஒரு குழந்தை. தாளில் பெயர் கூடாது, எண் மட்டும். என்னுடையது பன்னிரண்டு. மூன்றரை வயது. செருப்பு ஸ்டாண்டு பக்கம் உட்கார்ந்து ஊரார் செருப்பையெல்லாம் ஜோடி சேர்க்கிறாள். அதிகம் பேசுவதில்லை. என்னைவிடத் தேர்ந்த தத்துவவாதி.

விதி: தினமும் இருபது நிமிடம் பார்க்க வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒரு கட்டம், கட்டத்துக்கு ஒரு வரி. கண்ணால் கண்டது மட்டும். கட்டம் காலியாக இருந்தால் மதிப்பெண் போகும்.

ஜூலை 19, புதன்

'தனிமையில் மூழ்கியிருக்கிறாள்' என்று எழுதியிருந்தேன். மேற்பார்வை பார்க்கும் விரிவுரையாளர் — சிவப்புப் பேனா என்பது நாங்கள் வைத்த பெயர் — தாள் முழுக்கக் கோடு இழுத்துவிட்டார்.

"தனிமையைப் பாத்தியாம்மா? என்ன கலர்ல இருந்துச்சு?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

ஜூலை 27, வியாழன்

பேருந்து தாமதம். எட்டு நிமிடம் போயிற்று. முதல் நான்கு கட்டம் காலி.

பக்கத்தில் உட்காரும் தோழி காதைக் கடித்தாள்: "ஏதாவது எழுதுடி. அவ என்ன சொற்பொழிவா ஆத்திருப்பா?"

எழுதினேன். 'செருப்பு அடுக்குகிறாள். பெயர் சொல்லி அழைத்தேன், திரும்பவில்லை. மீண்டும் அழைத்தேன், திரும்பவில்லை. மூன்றாம் முறையும் இல்லை.'

அலங்காரமாக ஒரு சொல்கூட இல்லை. படிக்க நன்றாகவே இருந்தது. அதுதான் அசிங்கம்.

ஆகஸ்ட் 2, புதன்

ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை. "இப்பதாம்மா உனக்குப் பாக்கவே தெரிஞ்சிருக்கு" என்றார். அடுத்த பேட்ச்சுக்கு மாதிரித் தாளாக ஜெராக்ஸ் எடுக்கப்போகிறாராம்.

நான் இல்லாத நேரத்தில் மிகக் கூர்மையாகப் பார்க்கிறேன் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 7, திங்கள்

பன்னிரண்டின் அம்மாவை வரவழைத்துப் பேசினார்கள். குழந்தைக்குக் காது சோதிக்க வேண்டுமாம். தெளிவாகும்வரை அவள் வயதுக் குழந்தைகளோடு அடுத்த வகுப்புக்கு அனுப்ப மாட்டார்களாம். ஆதாரம்: என் தாள்.

"வீட்டுல கூப்பிட்டா ஓடி வராளேங்க."

"நாங்க பாத்து எழுதி வெச்சிருக்கோம்மா" என்றார் தலைமையாசிரியை.

பார்த்து எழுதிவைத்தவள் பக்கத்து மேசையில் பசை பாட்டில்களுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தாள்.

சோதித்தால் காது நன்றாக இருப்பது தெரிந்துவிடும். அப்புறம் யாருக்கு என்ன நஷ்டம்? — வாதம் பலமாகத்தான் இருக்கிறது. எம்.ஏ. வீண்போகவில்லை.

ஆகஸ்ட் 10, வியாழன்

காலையில் நர்சரி வாசல். அம்மா, மகளின் முதுகுக்குப் பின்னால் நின்று கைதட்டினார். பன்னிரண்டு திரும்பினாள். சாவிக்கொத்தைக் கீழே போட்டார். திரும்பினாள். மறுபடி கைதட்டல். மறுபடி சாவி. மூன்று நாளாக வரும்போதும் போகும்போதும் இதேதானாம், ஆயாம்மா சொன்னார்.

ஆறாவது தட்டலுக்கு அவள் திரும்பவில்லை. அலுத்துவிட்டது. யாருக்குத்தான் அலுக்காது?

அம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். குழந்தை சாவியைப் பொறுக்கி அவர் மடியில் வைத்தாள்.

அய்யோ. என்னடி பண்ணி வெச்சிருக்க. நாலு கட்டத்துக்காகவா? நாலே நாலு கட்டம்—

ஆகஸ்ட் 11, வெள்ளி

சொல்லிவிட்டேன். முதலில் சிவப்புப் பேனாவிடம். தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பது காப்பி எடுத்துட்டேனேம்மா" என்றார். பிறகு, "இந்தப் பயிற்சி உனக்கு ரத்து. அடுத்த பேட்ச்சோட முதல்லேருந்து செய். குழந்தை ஃபைல்லேருந்து இந்தத் தாளை நான் எடுத்துடறேன். அந்த அம்மாகிட்ட நீதான் சொல்லணும்."

சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு வசதி.

"மூணு நாளா எம் பொண்ணை நானே நம்பலையே" என்றார். என்னிடம் சொல்லவில்லை. மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

இது கண்ணால் கண்டது.

ஆகஸ்ட் 14, திங்கள்

பன்னிரண்டு அடுத்த வகுப்புக்குப் போகிறாள்.

அத்தை: "ஏன்டி, நர்சரியிலயே பெயிலாகிட்டியா?"

ஆமாம் அத்தை. எங்கள் பரம்பரையிலேயே முதல் ஆள்.

ஜனவரி 22, திங்கள்

வேறு நர்சரி. புதிய பேட்ச்சில் எல்லோருக்கும் நான் அக்கா. என் குழந்தை, எண் ஐந்து.

மழையில் பேருந்து நின்றுவிட்டது. ஆறு நிமிடம் போயிற்று. பக்கத்தில் இருந்த பெண் தன் பேனாவையே நீட்டினாள்.

"எழுதிடுங்கக்கா. மணல் தொட்டியிலதான் இருந்திருப்பான். எங்க போயிடப்போறான்?"

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

முதல் மூன்று கட்டம் காலி.

நான்காவது: 'வாளியைக் கவிழ்த்தான். மணல் என் காலில் கொட்டியது.'