மூக்கு திறந்த பிறகு

அன்புள்ள மருமகளுக்கு மாமா எழுதுவது.

ஆமாம், மாமாவேதான். யாரும் எழுதித் தரவில்லை. முதியோர் வகுப்பு டீச்சர், "கோழி கிறுக்குன மாதிரி இருந்தாலும் படிக்க முடியுது ஐயா" என்று சொல்லிவிட்டார். இந்த நாலு வரிக்குள் டீ ஆறிப்போயிற்று. ஆனாலும் மனசுக்குள் ஒரே கும்மாளம். நீயும் பேத்தியும் நலம்தானே?

மூக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உள்ளே வளர்ந்திருந்த சதையை எடுத்துவிட்டார்கள். தினமும் உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவச் சொன்னார் டாக்டர். கொதித்து ஆறிய தண்ணீரில் உப்புப் பொட்டலத்தைக் கலந்து, புட்டியை ஒரு துவாரத்தில் வைத்து அழுத்தினால் மறு துவாரத்தில் குழாய் போலக் கொட்டும். முதல் நாள் செத்தேன் என்று கத்தினேன். உன் வீட்டுக்காரன்தான் என் நெற்றியைத் தாங்கிப் பிடித்து, "வாயால மூச்சு விடுங்கப்பா, முழுங்கிடாதீங்க" என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னான். இப்படி ஒரு பிள்ளை யாருக்கு வாய்க்கும் என்று பூரித்துப்போனேன்.

போன வாரம் எனக்கு வாசனை வந்துவிட்டது அம்மா! முதலில் சோப்பு. எத்தனை வருஷமாயிற்று! துண்டை முகர்ந்தேன், தலையணையை முகர்ந்தேன், சுவரில் தொங்கும் காலண்டரைக்கூட விடவில்லை.

மறுநாள் காலை அதே சந்தோஷத்தில் வாஷ்பேசினில் குனிந்தேன். அவனும் பக்கத்தில் குனிந்து, "போதுமாப்பா?" என்றான். சாராய வாடை. பொழுது விடிந்து பல்கூட விளக்கவில்லை.

அடுத்த வீட்டுத் தையல்கார அக்காவிடம் அவன் எட்டி நின்றே பேசுவான். என்னிடம் மட்டும் தோளோடு தோள் ஒட்டி உட்காருவான். பாசம் என்று இருந்தேன். மோப்பம் செத்த கிழவன் என்றுதான் ஒட்டியிருக்கிறான்.

"குடியை அடியோடு விட்டுவிட்டான், நான் பொறுப்பு, நீ வந்துவிடு" என்று உனக்குப் போன கடிதம் நான் சொல்ல, அவன் எழுதினான். என் தலையில் அடித்துச் சத்தியம் செய்த அதே கையால் எழுதினான். நடுவில் நிறுத்தி, "இன்னும் ஏதாவது சேக்கணுமாப்பா?" என்று வேறு கேட்டான். என் வாயை வைத்தே உன்னை ஏமாற்றிவிட்டான்.

மூக்கு திறந்ததை அவனிடம் நான் சொல்லவில்லை. இன்று புட்டியை நானே வாங்கிக்கொண்டேன். "என்னப்பா, என்மேல கோவமா?" என்றான். தண்ணீர் ஓடுகிறது என்று சைகை காட்டிவிட்டேன். போனில் பேசினால் அவன் காதில் விழும். அதனால்தான் இந்தக் கடிதம்.

அடுத்த மாதம் வருவதாகச் சொன்னாயே, வராதே அம்மா. வேலையை விடாதே. பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தாதே. அவன் நிஜமாகவே திருந்தினால் நானே பஸ் ஏறி வந்து உன் வாசலில் நின்று சொல்கிறேன்.

நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். பேத்தி கேட்டால், தாத்தா பொய் சொன்னார் என்று மட்டும் சொல்லிவிடாதே. தாத்தாவுக்கு அப்போது மூக்கு அடைத்திருந்தது என்று சொல்.

இப்படிக்கு,
உன் மாமா